புதிய வீட்டின் பிளானும் ஜன்னல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டத் தொடங்குவோர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அறைகளின் எண்ணிக்கையையும் அளவையும் பற்றி வீட்டார் பல நாள் பேசி முடிவெடுத்திருப்பார்கள். ஜன்னல்கள் மட்டும் சுவரின் நடுவில், எல்லா அறைக்கும் ஒரே அளவில், வரைந்தவரின் பழக்கப்படி அமர்ந்திருக்கும். கீழே உள்ள விடைகள் தமிழ்நாட்டுச் சமவெளியில், ஒரு கிரவுண்டுக்கு உட்பட்ட மனையில், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்கு இவற்றுள் பல பொருந்தா.

1. அறை அளவு சரியாக இருந்தால் போதாதா? ஜன்னல் எங்கே என்பதைக் கட்டும்போது மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளலாமே?

கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் வேறு பல முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும். பில்லர் நிற்கும் இடம், கதவு திறக்கும் பக்கம், சுவிட்சு போர்டுக்கான பைப், பரண் வரும் சுவர் ஆகியவை முடிவானபின் ஜன்னலுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஓர் இடம்தான். அங்கே காற்று வருமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே பிளானின் நகல் ஒன்றில் வடக்கு எது என்று குறித்துக்கொண்டு, கட்டில், அலமாரி, சோபா, உணவு மேசை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றை அளவுப்படி பென்சிலால் வரையுங்கள். கதவுகள் திறக்கும் வளைவையும் வரையுங்கள். எஞ்சும் சுவர்ப்பகுதிகளைப் பார்த்தாலே அறைகளின் அமைப்பில் எங்கே குறை என்பது பாதி தெரிந்துவிடும். செலவில்லாமல் வீட்டை மாற்றக்கூடிய கட்டம் இது ஒன்றுதான்.

2. படுக்கையறைக்கு எவ்வளவு பெரிய ஜன்னல் வேண்டும்? நாலுக்கு நாலு போதும் என்கிறார்களே?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதிகளில் ஜன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறையக்கூடாது என்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் முதல் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. அதில் ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் 16 சதுர அடிதான் தரும்.

இந்தக் கணக்கு குறைந்தபட்ச அளவு மட்டுமே. ஐந்துக்கு நாலு என்று ஒரே ஜன்னலாக வைப்பதைக் காட்டிலும், மூன்றுக்கு நாலு அளவில் இரண்டு ஜன்னல்களை இரு வேறு சுவர்களில் வைப்பது பல மடங்கு பயன் தரும். ஏன் என்பது அடுத்த விடையில்.

3. இப்போது குடியிருக்கும் வீட்டில் ஜன்னல் பெரியதுதான். ஆனாலும் காற்றே வருவதில்லை. புது வீட்டில் இதை எப்படித் தவிர்ப்பது?

காற்று வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது. பிளானைப் பார்க்கும் எல்லோரும் காற்று எங்கே வரும் என்று கேட்கிறார்கள். எங்கே போகும் என்று கேட்பவர் குறைவு. எதிரெதிர்ச் சுவர்களிலோ அடுத்தடுத்த இரு சுவர்களிலோ திறப்புகள் இருந்தால் காற்று அறையைக் கடந்து செல்லும். வெளியேறும் திறப்பு, நுழையும் திறப்புக்குச் சமமாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருப்பது நல்லது. இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் சற்று விலகியிருந்தால் அறையின் பெரும்பகுதியைக் காற்று தொட்டுச் செல்லும்.

ஒரே ஒரு வெளிச்சுவர் மட்டும் உள்ள அறைகளில், பகலில் அறைக்கதவே வெளியேறும் வழியாக இருக்கிறது. இரவில் கதவைச் சாத்தியதும் அந்த வழி அடைபடுகிறது. கதவின் நிலைக்கு மேலே ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரத்துக்குத் திறந்து மூடக்கூடிய வெண்டிலேட்டர் வைத்தால் இந்தக் குறை தீரும். பழைய வீடுகள் பலவற்றில் இது இருந்தது. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம்) மட்டத்தில் பரண் போடும் பழக்கம் பெருகியபின் மறைந்துவிட்டது. கதவுச் சுவரில் பரண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வெண்டிலேட்டருக்கு இடம் கிடைத்துவிடும்.

உயரமும் முக்கியம். வழக்கமாக ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 3 அடி. கட்டிலில் படுத்திருப்பவரின் உடல் 2 அடி உயரத்துக்குள் இருக்கும். வந்த காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. படுக்கையறையில் ஒரு ஜன்னலையாவது 2 அடி மட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மாடியானால் குழந்தைகளின் பாதுகாப்புக்கு நிலையோடு இணைந்த உறுதியான கிரில் கட்டாயம்.

4. வடக்குப் பக்கம் வெயிலே வராது, தெற்குதான் சூடு என்கிறார்கள். அது சரியா?

நமது ஊர்களுக்கு அது சரியன்று. தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13½ பாகை வட அட்சத்துக்குள் அடங்குகிறது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. தெற்கே போகப்போக இந்தக் காலம் இன்னும் நீளும். கத்திரி வெயில் முழுவதும் இந்தக் காலத்துக்குள் வருகிறது. அந்த நாள்களில் வடக்குச் சுவரில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் படும். தெற்குச் சுவரோ நிழலில் இருக்கும்.

தெற்கில் வெயில் விழுவது பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தில். சூரியன் அப்போதும் உயரத்தில் இருப்பதால் நிழல் தருவது எளிது: 4 அடி உயர ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு இருந்தால், பிப்ரவரி இறுதிக்குள் நண்பகல் வெயில் முழுவதும் தடுக்கப்பட்டுவிடும். டிசம்பரில் சிறிது உள்ளே வரும். அது பெரிய தொல்லையன்று. வடக்கில் சாய்வெயில் பக்கவாட்டில் வருவதால், சன்ஷேடோடு ஜன்னலின் இருபுறமும் ஓர் அடி நீட்டிய செங்குத்துத் தடுப்பு வைப்பது நல்ல பலன் தரும்.

உண்மையில் அஞ்ச வேண்டிய திசை மேற்கு. மே மாத மாலை 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 34 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது 2 அடி சன்ஷேடு ஜன்னலின் மேல் ஒன்றரை அடியைக்கூட மறைக்காது. எஞ்சிய பகுதி வழியே வெயில் நேராக அறைக்குள் ஆழமாகச் செல்லும். கிழக்கிலும் இதே கோணம்தான் என்றாலும், இரவெல்லாம் ஆறிய வீட்டின்மேல் விழும் காலை வெயில் அவ்வளவு துன்பம் தருவதில்லை.

5. அப்படியானால் காற்று எந்தத் திசையிலிருந்து வரும்?

இதற்கு ஊருக்கு ஊர் விடை வேறு. சென்னையிலும் கிழக்குக் கடலோரத்திலும் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். பாலக்காட்டுக் கணவாயின் எதிரே உள்ள கோவை, பல்லடம், உடுமலைப் பகுதிகளிலும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய தென்காசியிலும், ஆரல்வாய்மொழியிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, பலமாக வீசும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று மழையையும் சேர்த்துக்கொண்டு வரும். கிழக்கு, வடக்கு ஜன்னல்களின் சன்ஷேடு அடிவிளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான காடியும், வெளிப்பக்கம் சரிந்த அடிக்கட்டையும் இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஊறிப்போகும்.

மேல்காற்று ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. காற்று வரும் திசையே வெயில் வரும் திசையும் ஆகிறது. அங்கே மேற்கு ஜன்னலை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அகலத்தைக் குறைத்து, அதன்முன் 4 அடிக்குக் குறையாத தாழ்வாரமோ பால்கனியோ வைத்து, அல்லது வெளிப்புறம் சிமெண்ட் ஜாலி கட்டி, வெயிலைச் சுவருக்கு முன்பே நிறுத்துங்கள். தூசிக்காற்று வீசும்போது மூடுவதற்கு இறுக்கமான கதவும் வேண்டும்.

6. எங்கள் மனை 30-க்கு 40, சாலை மேற்கே. இதில் அறைகளை எப்படி அடுக்கினால் சூடு குறையும்?

மேற்குப் பார்த்த அரை கிரவுண்டு மனைக்குத் தரப்படும் பிளான்கள் பலவற்றில், முன்பக்கம் ஒரு மூலையில் கார் நிறுத்தம், மறுமூலையில் சாலையைப் பார்த்த பெரிய ஜன்னலோடு படுக்கையறை, நடுவில் ஹால், பின்னால் சமையலறை என்று இருக்கும். இதில் மேற்கு வெயிலை நேராக வாங்குவது மனிதர் உறங்கும் அறை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பிற்பகலில் வாங்கிய வெப்பத்தைப் பல மணி நேரம் கழித்தே உள்ளே விடும். ஆகவே அந்த அறையின் சுவர் இரவு உணவுக்குப் பிறகுதான் தகிக்கத் தொடங்கும்.

மனிதர் நீண்ட நேரம் தங்காத பகுதிகளை மேற்கில் நிறுத்துங்கள்: போர்டிகோ, மாடிப்படி, கழிவறை, சாமான் அறை. இவை வெயிலைத் தாங்கிக்கொண்டு உள்ளறைகளைக் காக்கும். போர்டிகோவின் மேற்கூரை ஹாலின் முன்சுவருக்கு நிழல் தரும். மாடிப்படியைத் தென்மேற்கு மூலையில் ஏற்றினால் அதன் சுவர் பின்னாலுள்ள அறைக்குக் காப்பாகும். படுக்கையறைகளைக் கிழக்குப் பக்கமாக, வடகிழக்கிலும் நடுக்கிழக்கிலும் தள்ளலாம். சமையலறை தென்கிழக்கில் இருந்தால் காலை வெளிச்சமும் கிடைக்கும், பிற்பகலில் ஆறியும் இருக்கும்.

மாடி கட்டும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மாடியறைக்குக் கூரையே மிகப்பெரிய வெயில் சுவர். ஜன்னல்களை எவ்வளவு திருத்தினாலும், தளத்தின்மேல் தட்டோடு பதிப்பதோ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதோ இல்லாமல் அந்த அறை குளிராது. இதற்கான தொகையை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

7. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை தென்மேற்கில்தான் வர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் சொல்வது அதற்கு எதிராக இருக்கிறதே?

வீட்டில் பெரியவர்களின் மனநிறைவும் வீட்டின் ஒரு பகுதிதான். அதைத் தள்ளிவிட்டு வரையப்படும் பிளான் நிலைப்பதில்லை. தென்மேற்கில் படுக்கையறை உறுதி என்றால், மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காமல் அலமாரியை நிறுத்துங்கள். அல்லது அந்தப் பக்கம் இணைப்புக் கழிவறையைக் கொண்டுவாருங்கள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தெற்குச் சுவரில் ஜன்னலும், மூன்றாம் விடையில் சொன்ன கதவுமேல் வெண்டிலேட்டரும் போதும். மேற்கு, தெற்குச் சுவர்களைத் திறப்புக் குறைவாக வைத்து வடக்கையும் கிழக்கையும் திறந்துவிடும் பொதுவான வாஸ்து வழக்கம் மேற்கு வெயிலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. தென்றல் வரும் ஊரில் தெற்கை முழுவதும் அடைப்பதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன்.

8. ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து 25 அடி நீளம் வருகிறது. நடுவில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்குமா?

ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் போடத்தான் வேண்டியிருக்கும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தொலைவு வரைதான் படிக்கத் தகுந்த பகல் வெளிச்சம் செல்லும். லிண்டல் 7 அடியில் இருந்தால் 14 முதல் 17 அடி வரை. அதுவும் போர்டிகோவின் கூரை முன்னால் நீண்டிருந்தால் மேலும் குறையும்.

வழி மூன்று உண்டு. நீளச் சுவரில் பக்கவாட்டு ஜன்னல் வைப்பது முதல் வழி. மாடிப்படியை உணவு மேசைக்கு அருகே கொண்டுவந்து, படிக்கூண்டின் மேலே வடக்குப் பார்த்து ஜன்னல் வைப்பது இரண்டாவது. இதனால் சூடான காற்றும் மேலேறி வெளியேறும். மனை சற்றுப் பெரியதானால் 5 அடிக்கு 5 அடியேனும் ஒரு சிறு முற்றம் விடுவது மூன்றாவது. செட்டிநாட்டு வீடுகள் நீளமான மனையில் வரிசையாக அறைகள் கொண்டிருந்தும் உள்ளே இருள் சூழாமல் இருப்பதற்கு முற்றங்களே காரணம். மேலே கிரில்லும், மழைக்கு உயர்த்திப் பிடித்த ஒளிபுகும் தகடும் வைக்கலாம். தகட்டைச் சுவரோடு ஒட்டி மூடிவிட்டால் வெளிச்சத்தோடு வெப்பமும் உள்ளே தங்கிவிடும்.

9. பத்துக்குப் பத்து அறையில் கட்டில், அலமாரி, ஜன்னல் மூன்றும் அடங்குமா?

அடங்கும், ஆனால் கதவு மூலையில் இருக்க வேண்டும். 6 அடி அகலக் கட்டிலின் இருபுறமும் 2 அடி நடைவழி விட்டால் 10 அடி முடிந்துவிடும். கட்டில் நீளம் ஆறேகால் அடி, எதிரே அலமாரி ஆழம் 2 அடி என்று வைத்தால் இடையில் 2 அடிக்கும் குறைவான வழியே மிஞ்சும். அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் இல்லை. நீளத்தை 11½ அடியாக்க முடிந்தால் அறை தலைகீழாக மாறும். அந்த ஒன்றரை அடியை ஹாலிலிருந்து எடுத்துத் தருவதில் தவறில்லை.

தலைமாட்டுக்கு நேர்மேலே ஜன்னல் வைக்காமல், கட்டிலின் பக்கவாட்டுச் சுவரில் வையுங்கள். சுவரின் நடுவில் வைக்கும் வழக்கத்தையும் விடலாம். ஒரு பக்கம் தள்ளி வைத்தால் மறுபக்கம் 2 அடி ஆழ அலமாரி நிற்க இடம் கிடைக்கும்.

10. அடுப்புக்கு நேராக ஜன்னல் வைக்கலாமா?

வேண்டாம், காற்று தீயை அலைக்கும். கிழக்குப் பார்த்துச் சமைக்க அடுப்பு கிழக்குச் சுவரில் வந்தால், ஜன்னலைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தெற்குச் சுவரில் வையுங்கள். மேடையின் உயரம் ஏறத்தாழ 2¾ அடி. குழாய்க்கும் சேர்த்து ஜன்னலின் அடிமட்டம் 3½ அடி இருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கான துளையை அடுப்புக்கு மேலே லிண்டலுக்கு அருகில் பூச்சு வேலைக்கு முன்பே விடச் சொல்லுங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் உள்ளே இருந்தால் தரைமட்டத்தில் வெளிச்சுவரில் ஒரு சிறு காற்றுத் துளை தேவை. மேலே உள்ள ஜன்னல் இதற்கு ஈடாகாது.

11. பாத்ரூமுக்கு வெளிச்சுவர் கிடைக்கவில்லை. ஓ.டி.எஸ். (மேலே கூரையின்றி விடும் சிறு திறந்தவெளி) விட்டால் போதுமா?

போதும், அது வானம் பார்த்துத் திறந்திருந்தால். அகலம் 3 அடிக்குக் குறைந்தால் குழாய் பழுதுபார்க்க ஆள் இறங்க முடியாது. சமையலறை ஜன்னலையும் கழிவறை வெண்டிலேட்டரையும் ஒரே ஓ.டி.எஸ்.-இல் திறக்காதீர்கள்.

12. பக்கத்து மனை காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் நல்ல காற்று. பெரிய ஜன்னல்களை அங்கேயே வைத்துவிடலாமா?

வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வைக்காதீர்கள். காலி மனையில் ஒருநாள் வீடு வரும். அப்போது இரு வீட்டாரும் விட்ட பக்க இடைவெளியே மிஞ்சும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையும் காற்றையும் தடையின்றி 20 ஆண்டுகள் அனுபவித்தால்தான் அதன்மேல் உரிமை உண்டாகும். புது வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்லை.

எனவே பிளானைப் பார்க்கும்போது, நான்கு பக்கமும் இரண்டு மாடி வீடுகள் எழுந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு பாருங்கள். சாலைப்பக்கமும் நீங்களே விட்ட பின்பக்க இடமும்தான் உங்கள் கையில் உள்ளவை. முக்கியமான திறப்புகள் அவற்றை நோக்கி இருக்கட்டும். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக உங்கள் ஜன்னல் வந்தால் இருவருமே திரைபோட்டு மூடிவைப்பீர்கள்; இரண்டடி தள்ளி வைத்தால் இருவருக்கும் காற்று கிடைக்கும்.

13. ஜன்னலுக்கு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஸ்லைடிங் நல்லதா, திறக்கும் கதவு நல்லதா?

காற்றுக்குத் திறக்கும் கதவே நல்லது. இரு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். 20 சதுர அடி ஜன்னல் 10 சதுர அடியாகிவிடும். இரண்டாம் விடையின் கணக்கை இதை நினைவில் வைத்தே போட வேண்டும். கொசுவலை காற்றை மேலும் கணிசமாகக் குறைக்கும். கொசுவலை இல்லாமல் நம் ஊரில் மாலையில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. ஆகையால் வலையோடு சேர்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். வெளிப்புறம் திறக்கும் கதவு, நடுவில் கிரில், உள்ளே வலை என்ற அடுக்கு நன்கு உழைக்கும். கிரில்களில் ஒன்றையாவது உள்ளிருந்து பூட்டித் திறக்கும்படி செய்யுங்கள். தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி இருக்காது.

14. எல்லா அறைக்கும் ஏ.சி. போடப்போகிறோம். பிறகு எதற்கு இத்தனை கவலை?

ஏ.சி. ஓடும் அறையிலும் மேற்கு வெயில் வாங்கும் கண்ணாடி மின்கட்டணத்தை ஏற்றும். உள்ளே போடும் திரை, ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. நிழல் வெளியே இருக்க வேண்டும். ஏ.சி. அறையின் வெண்டிலேட்டர் மூடக்கூடியதாக இருக்கட்டும். தை, மாசி இரவுகளிலும், மின்தடை நேரத்திலும், சமையலறையிலும் ஹாலிலும் உங்களுக்கு ஜன்னல்தான் துணை.

15. பிளானுக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது, சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. இனி ஜன்னலை மாற்ற முடியுமா?

சுவர் 3 அடி மட்டத்தைத் தாண்டாதவரை இடமாற்றம் எளிது. லிண்டல் போட்டபின் மாற்றினால் இடித்துக் கட்டும் செலவும், ஒட்டுச் சுவரில் விரிசலும் வரும். பில்லர் வைத்துக் கட்டும் வீட்டில் சுவர் எடையைத் தாங்குவதில்லை என்பதால் இரு பில்லர்களுக்கு இடையே ஜன்னலை நகர்த்தலாம். சுவரே தளத்தைத் தாங்கும் வீடானால் மூலையிலிருந்து 2 அடியாவது விட்டு, லிண்டல் இருபுறமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் அமரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஜினியரைக் கேட்காமல் அங்கே எதையும் நகர்த்தாதீர்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, பக்க இடைவெளி, கட்டடத்தின் வெளியளவு, உயரம் ஆகியவற்றைத் தொடாமல் இருப்பதே முதல் நிபந்தனை. ஜன்னல் மாற்றத்தையும் உங்கள் இன்ஜினியர் வரைபடத்தில் பதிவுசெய்துவிடட்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் (பிளான் விதிப்படி உள்ளது என்று விண்ணப்பிப்பவரே சான்றளிப்பது) உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அந்த அனுமதி வந்ததாலேயே உங்கள் ஹாலில் வெளிச்சம் விழுமா, படுக்கையறையில் காற்று கடக்குமா என்பதை யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். அதைப் பார்க்கும் பொறுப்பு கட்டுபவருடையது. அடித்தளம் தோண்டும் முன் மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில், மாலை 4 மணிக்கு அங்கே சென்று, ஒவ்வோர் அறைக்குள்ளும் நின்று வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். அன்று ஒரு கோட்டை அழித்து மறுகோடு போடுவதற்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பே செலவு.